தண்ணீர் இருந்திருக்கும்

அந்தப் பெண்ணைக் கோபித்துப் பிரயோஜனமில்லை சார். மருந்து வரவில்லை என்றால் அவள் என்ன செய்வாள், கவுன்ட்டரில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற பிள்ளை. இப்படி வந்து உட்காருங்கள். உங்கள் வீட்டம்மாவை உள்ளே கூப்பிட்டுக் கையில் ஊசி குத்தி டேப் ஒட்டிவிட்டார்கள் இல்லையா, அப்படியென்றால் மருந்து வண்டி கிளம்பிவிட்டது என்று அர்த்தம். கிளம்பாமல் ஊசி குத்த மாட்டார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். ஸ்கேனுக்குப் போடுகிற அந்த மருந்தைத் தயாரிக்கிற இடத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். இங்கே இல்லை, வேறு இடம். பெயர் எதற்கு, இப்போது அங்கே எல்லாம் புது ஆட்கள். என் பெயர் சபாபதி. இன்றைக்கு எனக்கும் ஸ்கேன்தான். வயதானால் ஒவ்வொன்றாக வரும், அது பெரிய கதையில்லை.

நேற்றே செய்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று அவளிடம் கேட்டீர்களே, காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் செய்து வைக்க முடியாது சார். அந்தச் சரக்கு அப்படி. கதிர்வீசும் ஃப்ளோரின். பிறந்த நிமிஷத்திலிருந்து குறைந்துகொண்டே இருக்கும். இரண்டு மணி நேரம் ஆவதற்குள் பாதி போய்விடும், மிச்சத்தில் பாதி அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள். ஐஸில் வைத்தாலும் நிற்காது, பூட்டி வைத்தாலும் நிற்காது. சாமி கும்பிட்டாலும் நிற்காது.

அதோடு இன்னொரு தகராறும் உண்டு. அது பிறப்பதே தண்ணீருக்குள். கனத்த ஆக்சிஜன் உள்ள தண்ணீர் என்று ஒன்று விலைக்கு வரும். சைக்ளோட்ரான் என்கிற பெரிய இயந்திரத்தில் வைத்து அதன் மேல் புரோட்டான்களை அடித்தால் அந்த ஃப்ளோரின் உண்டாகும், ஃப்ளோரைடு என்போம். உண்டான உடனே தண்ணீரைச் சுற்றிக்கொள்ளும். ஈரப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்த மாதிரி. எழுப்பினாலும் எழாது. மருந்தாக வேண்டுமென்றால் அது வேறொரு பொருளோடு போய் ஒட்ட வேண்டும் இல்லையா, போர்வையோடு இருக்கிறவரை ஒட்டாது.

அந்தப் போர்வையைக் கழற்றுவதுதான் என் வேலை. முதலில் ஒரு சின்னக் குழாயில் பிசின் மணிகள் இருக்கும், அதில் ஃப்ளோரைடைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை வெளியே விடுவோம். பிறகு ஒரு கரைசலை ஊற்றி அதைக் கழுவி இறக்குவோம். அந்தக் கரைசலிலும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும், என்ன செய்வது. அப்புறம் அசிட்டோநைட்ரைல் என்று ஒரு திரவம். அதை ஊற்றிச் சூடுபண்ணி, நைட்ரஜன் வாயுவை ஊதினால், அது ஆவியாகிப் போகும்போது தண்ணீரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். மறுபடி ஊற்று, மறுபடி சூடுபண்ணு. கடைசியில் குடுவையின் அடியில் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருக்கும், பால் காய்ந்த பாத்திரம் மாதிரி. அதுதான் உயிருள்ள ஃப்ளோரைடு. அதன் மேல் மருந்தின் மூலப்பொருளை ஊற்றினால் பிடித்துக்கொள்ளும்.

அதிகம் காயவைத்தால் நேரம் போகும், நேரம் போனால் சரக்கு போகும். குறைவாகக் காயவைத்தால் ஒட்டாது. இத்தனையும் காரீயச் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும். நாம் இந்தப் பக்கம் நின்று கேமராவில் பார்த்துக்கொண்டு பொத்தானை அமுக்க வேண்டியதுதான். உள்ளே கையை விட முடியாது. எத்தனையோ தடவை, ஒரே ஒரு குழாய் மாட்டிக்கொண்டிருக்கும், விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும், தட்ட முடியாது. பார்த்துக்கொண்டே நிற்பேன்.

நான் கெமிஸ்ட்ரி படித்தவன் இல்லை. ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக். அங்கே ஏ.சி. பார்க்கத்தான் சேர்ந்தேன். ஆள் இல்லாதபோது உதவி செய்து, மேனுவலை அகராதி வைத்துப் படித்து, அப்படியே அந்த வேலைக்கே எடுத்துக்கொண்டார்கள். என் சம்சாரம் கேலி பண்ணுவாள். மங்கையர்க்கரசி என்று பெயர், நான் அரசி என்பேன். "மாடியில காயற துணிய எடுத்துட்டு வாங்கன்னா மழையில நனைய விட்டுட்டு வருவீங்க. உங்கள நம்பி எவன் காயவைக்கிற வேலையக் கொடுத்தான்?" என்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். நல்ல சிரிப்பு சார் அவளுக்கு. பக்கத்து வீட்டில் கேட்கும்.

அவளுக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகி, கீமோ மருந்தை டிரிப்பில் ஏற்றி, பிறகு வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று மாத்திரையையும் நிறுத்தியிருந்தோம். அதன் பிறகுதான் முதுகுவலி. தண்ணீர்க் குடம் தூக்கினேன், அதனால்தான் என்றாள். பார்த்தால் முதுகெலும்பில் புள்ளி புள்ளியாக இருந்தது.

டாக்டர் பிரமிளா என்று எங்கள் இடத்தில் ஸ்கேன் பார்க்கிற டாக்டர். கெட்டிக்காரர். நான் அவரைக் குறை சொல்லவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் புரிகிற மாதிரி சொன்னார். பழைய கட்டி ஹார்மோனைத் தின்று வளர்ந்த கட்டி. இப்போது எலும்பில் வந்திருப்பதும் அதே ஜாதியா, குணம் மாறிவிட்டதா என்று தெரிய வேண்டும். அந்த இடத்தில் ஊசி விட்டுச் சதை எடுப்பது ஆபத்து. ஹார்மோன் மாதிரியே இருக்கிற ஒரு பொருளில் ஃப்ளோரினை ஒட்டி உடம்புக்குள் அனுப்பலாம். பழைய குணம் இருந்தால் அந்தப் புள்ளிகள் அதை வாங்கிக்கொண்டு படத்தில் விளக்கு மாதிரி எரியும்.

"எரிஞ்சா?" என்று அரசி கேட்டாள்.

"எரிஞ்சா மாத்திரை போதும்மா. வீட்டுல இருந்தே பாத்துக்கலாம்."

"எரியலன்னா?"

"அப்ப டிரிப்தான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அந்த டிரிப் இன்னொரு தடவ என்னால முடியாதுங்க. முடி போனதுகூடப் பரவால்ல. வாயெல்லாம் வெந்து ஒரு வாய் மோர் இறங்கல. இந்த வயசுல முடியாது."

நான் சொன்னேன், அந்த மருந்தை நான்தானே செய்யப்போகிறேன், பயப்படாதே என்று. டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சபாபதி, மருந்து நல்லா இருந்தா உண்மை தெரியும். அவ்வளவுதான்" என்றார். சரிதானே, நானும் அதைத்தானே சொன்னேன்.

அந்த மருந்து தினமும் செய்கிற மருந்து இல்லை சார். மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வருகிற நாளைக்குத் தேதி குறித்து, நாலைந்து நோயாளிகளைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். எங்களுக்கு வந்த தேதி ஐப்பசியில். கடற்கரையிலிருந்து எங்கள் இடம் அதிக தூரமில்லை. அடைமழை. கதவைத் திறந்தால் மூக்குக்கண்ணாடி மங்கிப்போகும்.

அரசி வெளியே இதே மாதிரி ஒரு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். "நீங்க உள்ளதான் இருக்கணுமா? இன்னிக்கு ஒருநாள் வேற யாராச்சும் செய்யக் கூடாதா? என்கூட உக்காருங்களேன்" என்றாள். நல்லா இருக்கே, இன்றைக்கு எப்படி நான் வேறு ஆளிடம் விடுவேன்? உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்கு ஒட்டவில்லை. சாதாரணமாகக் காய்கிற அளவுக்குக் காயவைத்தேன். படலம் வெள்ளையாகத்தான் தெரிந்தது. ஆனால் மூலப்பொருளை விட்டுப் பார்த்தால் ஒன்றுமே பிடிக்கவில்லை. அத்தனையும் வீண். நசீமா என்று ஒரு பெண், தயாரான மருந்தைச் சோதித்துப் பார்த்து ஒப்புதல் கொடுக்கிறவள். எம்.எஸ்சி. படித்தவள், ஆனால் வாய்க்கு வாய் அண்ணா அண்ணா என்பாள். அவள்தான் கண்டுபிடித்தாள், முன்னாலேயே திறந்த அசிட்டோநைட்ரைல் பாட்டிலை யாரோ சரியாக மூடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். மழைக் காற்றிலிருந்து அது தண்ணீரைக் குடித்திருக்கிறது. தண்ணீரை விரட்ட வேண்டியதே தண்ணீரோடு போயிருக்கிறது.

வெளியே வந்து சொன்னேன். மற்ற நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் உங்களை மாதிரித்தான் சத்தம் போட்டார்கள். அரசி சத்தம் போடவில்லை. ஆட்டோவில் வரும்போது, "இன்னிக்குத் தெரியாமப் போனதும் நல்லதுதான்" என்றாள். எனக்கு அது புரியவில்லை. ஸ்கேன் ஆகாமல் வருகிறோம், இதில் என்ன நல்லது? வழியெல்லாம் நான் அந்தப் பாட்டிலைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் ஆட்டோவின் படுதாவைக் கொஞ்சம் விலக்கி மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது தேதி கார்த்திகை கடைசியில் கிடைத்தது. இந்தத் தடவை நான் யாரையும் நம்பவில்லை. சீல் உடைக்காத புது பாட்டில். நைட்ரஜன் வருகிற குழாயில் புது வடிகட்டி. மூலப்பொருள் குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து திறந்தேன். சில்லென்று இருக்கும்போது திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே வியர்த்துவிடும் சார். வழக்கமாக எத்தனை தடவை அசிட்டோநைட்ரைல் ஊற்றுவோமோ அதற்கு மேல் இன்னொரு தடவை ஊற்றினேன். நசீமா, "அண்ணா, நேரம் போகுது" என்றாள். போகட்டும் என்றேன்.

பிடித்துக்கொண்டது. நன்றாகவே பிடித்துக்கொண்டது. அந்த மருந்தில் அவ்வளவு அளவு எங்கள் இடத்தில் அதற்கு முன் வந்ததில்லை. நசீமா சோதித்துவிட்டு, "சுத்தம்ணா. கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாள். அரசிக்குப் போட்டார்கள். அவளோடு இன்னும் மூன்று பேருக்கும் அதே மருந்து.

படம் வந்தது. நான் டாக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கல்லீரல் நன்றாக எரிந்தது, அது எல்லோருக்கும் எரியும், மருந்து அங்கே போய்த்தான் கரையும். முதுகெலும்பில் ஒன்றும் இல்லை. பழைய ஸ்கேனில் புள்ளி இருந்த இடமெல்லாம் இருட்டு. டாக்டர் படத்தில் மேலே போனார், கீழே போனார், ஒவ்வொரு எலும்பாகப் பார்த்தார். பிறகு மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது சார். தண்ணீர். எங்கேயோ ஒரு சொட்டு நின்றிருக்கிறது.

டாக்டரிடம் அங்கேயே சொன்னேன். "இது மருந்தோட கோளாறு டாக்டர். என் தப்பு. சரியாக் காயல. இன்னொரு தடவ செஞ்சு பாத்துடலாம்."

அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "கல்லீரல் எரியுது பாருங்க. மருந்து மோசமா இருந்தா அது எரியுமா? உங்க மருந்து நல்ல மருந்து சபாபதி. இவ்வளவு தெளிவா எனக்கு வந்ததே இல்ல. கட்டியோட குணம் மாறிடுச்சு. அதைத்தான் உங்க மருந்து சொல்லுது."

நான் விடவில்லை. மற்ற மூன்று பேரின் படம் எப்படி என்று கேட்டேன். இரண்டு பேருக்கு நன்றாக எரிகிறது என்றார். அது எப்படி, ஒரே குப்பியிலிருந்து எடுத்த மருந்து? அதுதான் எனக்கும் கேள்வி. ஆனால் ஒன்று யோசியுங்கள், குப்பியின் அடியில் இருந்த மருந்துதான் அரசிக்குப் போயிருக்கும். அடியில் என்ன நின்றதோ.

நசீமாவிடம் போனேன். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "அண்ணா, தண்ணி நின்னா மருந்து கம்மியா வரும். வந்த மருந்து கெட்டுப்போகாது. அதான் அப்புறம் சுத்தம் பண்ணிப் பிரிக்கிறோமே. நான் சேர்ந்தப்ப எனக்கு இதச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்" என்றாள். சொல்லிக்கொடுத்தேன்தான். பொதுவாக அப்படித்தான். ஆனால் எல்லாமே பொதுவாக நடக்குமா சார்?

ஒவ்வொரு தயாரிப்பிலும் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். அதை மறுபடி சோதித்துப் பார் என்று நாலு நாள் கழித்துப் போய்க் கேட்டேன். அவள் குப்பியை எடுத்துக் காட்டினாள். "இதுல இப்ப என்னண்ணா இருக்கு? வெறும் உப்புத்தண்ணி." ஆமாம், ஃப்ளோரின் எல்லாம் போய்விட்டது. எங்கள் சரக்கு அப்படி. தப்பு செய்தாலும் தடயம் இருக்காது. அந்தக் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

டாக்டர் பிரமிளாவைக் குறை சொல்லவில்லை என்று சொன்னேன் இல்லையா. சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மறுபடி செய்ய விட்டிருக்கலாம். அடுத்த மூலப்பொருள் தையில் வருவதாக இருந்தது. காத்திருக்கலாம் என்றேன். "அதுவரைக்கும் சிகிச்சை இல்லாம வெச்சிருக்க முடியாது. காரணமே இல்லாம இன்னொரு தடவ கதிர்வீச்சு கொடுக்கவும் மாட்டேன்" என்றார். அரசியும் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசிக்கொண்டே போனேன். நைட்ரஜன் அழுத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது என்றேன், குடுவையின் சூடு சீராக இல்லை என்றேன். இதெல்லாம் அப்போது சொல்லச் சொல்லத்தான் ஞாபகம் வந்தது. டாக்டர் முடியும்வரை கேட்டார். முடிந்ததும் அரசியிடம், "என்னைக்கு ஆரம்பிக்கலாம்மா?" என்றார்.

என்னை ஒரு பேச்சு கேட்கவில்லை.

அவள், "அடுத்த வாரம்" என்றாள். முடியாது என்றவள் அவள்தான். அதே வாயால் அடுத்த வாரம் என்கிறாள். நான் ஏன் என்று கேட்டேன். "அப்புறம் நீங்க காயவெச்சுக்கிட்டே இருப்பீங்க" என்றாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பேனாவைத் தேடினார்.

அவள் போனது பங்குனியில். அதை இப்போது சொல்ல வேண்டாம், உங்கள் வீட்டம்மா உள்ளே இருக்கும்போது அந்தப் பேச்சு எதற்கு? அவர்களுக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இருக்காது. வயதும் கம்மியாகத் தெரிகிறது.

நான் சொல்ல வந்தது வேறு. என்னை யாருமே நம்பவில்லை என்று நினைக்காதீர்கள். ஒருத்தி நம்பினாள்.

டிரிப் ஏற ஆரம்பித்து மூன்றாவதோ நாலாவதோ தடவை. பகல் நேரம். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், எல்லாவற்றிலும் ஆட்கள். வாயெல்லாம் புண், அவள் சொன்ன மாதிரியே ஆகியிருந்தது. நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வழக்கம்போல் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசித் தடவை ஊற்றியபோது குடுவையின் கழுத்தில் ஒரு துளி ஒட்டியிருந்தது, கேமராவில் பார்த்தேன் என்று நினைக்கிறேன், அதுதான் கீழே இறங்கியிருக்கிறது என்று சொன்னேன். வீட்டில் எத்தனையோ தடவை சொன்னதுதான்.  எப்போதும் அவள் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள், பால்காரனுக்குச் சொன்னீங்களா, அது இது என்று.

அன்றைக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "தண்ணிதான் இருந்திருக்கும்."

நான், "உனக்கும் அப்படித்தான் தோணுதா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே தோணுச்சு. ஊசி போடும்போதே ஒரு மாதிரி சில்லுன்னு ஏறிச்சு. மழைக்காலம், நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க கையில என்ன இருக்கு? விடுங்க."

பாருங்கள் சார். படித்த டாக்டருக்குத் தெரியவில்லை. நசீமாவுக்குத் தெரியவில்லை. எட்டாவதோடு நின்றவள், அவள் சொன்னாள். உடம்பில் ஏறும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.  அவள் ஊசி இல்லாத கையை நீட்டி என் முதுகில் மெல்லத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். மருந்து மயக்கம் என்று நினைக்கிறேன், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கை அசையும். பல வாரமாக நான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. ஊசி இருந்த கையின் பக்கம் அவள் நாற்காலியின் கைப்பிடியில் தலையை வைத்தவன் அப்படியே தூங்கிவிட்டேன்.

அங்கிருந்த நர்ஸ் பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார்கள். அன்றைக்கு டிரிப் பாட்டில் காலியாகி ரொம்ப நேரமாகிவிட்டதாம். ஊசியை எடுக்க வந்திருக்கிறார்கள். அதை எடுக்க வேண்டுமானால் நான் எழுந்திருக்க வேண்டும். அரசி விரலை உதட்டில் வைத்து, அப்புறம் வாங்க என்று கண்ணைக் காட்டினாளாம். புண்ணாகிப்போன உதடு. கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் மறுபடி வந்தபோதும் அப்படியே காட்டினாளாம்.